பன்னிரண்டு

மூன்றாவது தடவையாக அந்த ஜிப்சி
கயிறு கட்டி இழுபட்டு வருகிறது.
முன்னால் நெல்லு மூட்டை டிராக்டர்.
பின்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
கால்நடை டாக்டர் ஜெனோவா, முழங்கை வரை செம்மண்.
சாக்கோட்டை தாண்டி ஒரு கிடைக்கு ஊசி போடப் போனாராம்.
பகல் இரண்டு மணி.
"ஒரு இருமல்கூட இல்லை. சட்டென்று நின்றது."

முதல் தடவை பெட்ரோல் பம்பு மாற்றினேன்.
அடுத்த தடவை கேம் சென்சார்.
இரண்டுக்கும் பில் எழுதியவன் நான்தான்:
இபுராம்ஷா ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ், புதுவயல்.
ரைஸ்மில் தவிடு படிந்து
போர்டில் என் பேர் பாதிதான் தெரியும்.
அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

இருபது வயசு தாண்டிய வண்டி.
கம்ப்யூட்டர் உண்டு, வாய் கிடையாது.
ஸ்கேனரைச் செருகினால் கதை கதையாய்ச் சொல்கிற
இன்றைய சாதி இல்லை.
டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு பின்னை
துண்டு வயரால் சேர்த்துவிட்டு
மீட்டரில் மஞ்சள் விளக்கு சிமிட்டுவதை
விரல் மடக்கி எண்ண வேண்டும்.

ஒன்று.
ஒன்று, இரண்டு.

ஒன்று.
ஒன்று, இரண்டு.

பன்னிரண்டு.
பன்னிரண்டு என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம்.
கயிற்றில் வந்தது சொல்கிறது, எல்லாம் சரி.
"என் நோயாளிகளுக்கும் வாய் கிடையாது," என்றார் டாக்டர்,
"ஆனால் பொய்யும் கிடையாது."

மறுநாள் மீட்டரும் கையுமாக உட்கார்ந்தேன்.
பாட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
சென்சாருக்குப் போகிற ஐந்து வோல்ட்
நாலு புள்ளி ஒன்பது ஏழு.
எர்த் வயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டு இறுக்கினேன்.
ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன்.
வண்டி ஓடுகிறது,
ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்கென்ன என்று.
எதிரே பூட்டிய பெரிய வீட்டின் பக்கச்சுவர்,
ஒரு தெரு நீளம். அதன் நிழல்
பானெட்டை விட்டு மெல்ல இறங்கிப் போனது.
ஒன்றேகாலுக்கு
யாரும் தொடாமலே அணைந்தது.

தடுப்பூசிப் பெட்டியை எடுக்க வந்த டாக்டர்
இடது சீட்டுக்கு அடியில் குனிந்தவர்
குனிந்தபடியே சொன்னார்:
"மீன் வாடை."
வண்டியில் மீன் வைத்திருந்தீர்களா என்றேன்.
"மீன் இல்லை. மீன் மாதிரி."
குளம்பு அழுகலை வாசலிலேயே சொல்லிவிடுகிற மூக்கு.
என்னுடையது முப்பது வருஷம்
ஈயப் புகையில் வெந்தது.

நாலு ஸ்க்ரூ.
அலுமினியப் பெட்டிக்குள் பச்சைப் பலகை,
அதில் மூன்று கெப்பாசிட்டர், மொச்சைக்கொட்டை உயரம்,
மூன்றுக்கும் அடியில் ஈரம்.
ஒழுகிய இடத்தில் செம்புத் தடம் எல்லாம்
விளக்காத குடத்தின் களிம்பு.
சூடு ஏறினால் விட்டுப்போகும்,
ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.
குற்றம் சொல்ல வைத்த பெட்டிதான் நோயில் கிடந்திருக்கிறது.
கணக்குப்பிள்ளைக்கே காய்ச்சல் என்றால்
பேரேட்டில் அதை யார் எழுதுவது?

காரைக்குடி ரேடியோ கடையில்
மூன்றும் சேர்த்துப் பதினெட்டு ரூபாய்.
களிம்பைச் சுரண்டி, அறுந்த தடத்துக்குத்
தலைமுடி வயர் பாலம் போட்டு,
கை நடுங்காத காலை நேரத்தில் பற்றவைத்தேன்.

ஆறாயிரத்து எழுநூறை மேஜையில் வைத்தேன்.
"சென்சார் காசு மட்டும் போதும்.
பழைய பம்பு எப்படியும் முனகிக்கொண்டுதான் இருந்தது."
பிறகு, எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டே:
"போன வாரம் ஒரு கிடாய்க்கு
மூன்று நாள் வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன்.
நாக்குக்கு அடியில் கருவேல முள்."

சாவியைத் திருப்பினேன். துண்டு வயர்.
ஒன்று.
ஒன்று, இரண்டு.
அதே பன்னிரண்டு. அதே வேகம்.
நான் விரல் மடக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு
டாக்டர் ஓட்ட, சாக்கோட்டைப் பக்கம் போனோம்.
இடது சீட்டில் தலையைக் கவிழ்த்து
மோந்துகொண்டே வந்தேன்:
ரோசின்.
பெட்ரோல்.
செம்மண்.
கொஞ்சம் ஆடு.